குடியும் தாயும் இராணியும்: தேனீ வளர்ப்பு கற்பித்த சொற்பாடம்



மொழிக்கெனக் கூடிய இவ்வவையில் தேனீயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் மொழியறிஞர்கள் அல்லோம். ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியாகிய குளுவாங் வட்டாரத்தில், வார இறுதி நாள்களில் சில தேனீப் பெட்டிகளோடு பொழுதைக் கழிக்கும் ஆசிரியர் சிலர், அவ்வளவே. தேன் விற்று வாழ்பவர்களும் அல்லோம். ஆயினும், ஒரு சொல்லை அதன் மேலோட்டமான பொருளில் நம்பியதனால் ஒரு தேனீக் குடும்பத்தையே நாங்கள் இழந்தோம். அவ்விழப்பும் அதன்பின் கற்றுக்கொண்டவையுமே இன்றைய உரையின் பொருள்.

நம் மண்ணின் தேனீக்கள்

முதலில் நம் மாநிலத்தில் வாழும் தேனீக்களை அறிமுகம் செய்துகொள்வோம். காட்டில் ஓங்கி நிற்கும் துவாலாங் மரக்கிளைகளில் பெரிய ஒற்றை அடை கட்டித் தொங்குவது மலைத்தேனீ. அதனைப் பெட்டியில் அடக்கி வளர்க்க இயலாது. புதர்க்கிளையில் உள்ளங்கை அளவான ஓர் அடை மட்டும் கட்டுவது கொம்புத் தேனீ. மலாய் மொழியில் கெலுலுட் என்று வழங்கப்படும் கொட்டாத சிறு தேனீயைத் தமிழ்நாட்டில் கொசுத்தேனீ என்பர். இன்று நம் நாட்டில் பலரும் விரும்பி வளர்ப்பது இதனையே. இதன் தேனுக்கென 2017ஆம் ஆண்டிலேயே மலேசியத் தர அளவை வகுக்கப்பட்டுள்ளது.

நாங்கள் வளர்ப்பது இவற்றுள் எதுவும் அன்று, அடுக்குத் தேனீ. மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் பல அடைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணையாகக் கட்டுவதால் இப்பெயர் பெற்றது. பெயரே இதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. அடைகளை அடுக்காகக் கட்டும் ஈயாதலின், சட்டங்களை அடுக்கிய பெட்டியிலும் இது குடியேறும். இருளும் இடமும் இருந்தால் போதும். 1980களில் அன்றைய மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சிறு தோட்டக்காரர்களுக்கு ஏற்றதெனக் கருதி இத்தேனீயை ஆராய்ந்தனர். பத்து பகாட், பொந்தியான் முதலிய மேற்குக் கரைப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் ஆண்டு முழுவதும் பாளை விரிப்பவை. அங்கே இதற்கு மகரந்தப் பஞ்சம் இல்லை.

எங்கள் பகுதியில் இத்தேனீக்கு உணவளிப்பது பால்மரம். பால்மரத்தின் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதன்று. ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்த்து மீண்டும் தளிர்விடும்போது, இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிய நீர் கசியும். அதனையே ஈக்கள் திரட்டுகின்றன. நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பாலெடுத்த மரம் தேனும் தரும் மரமாகும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்போரும் இதே மரத்தை, இதே தளிர்க்காலத்தை நம்பியே பெட்டி வைக்கின்றனர். அங்கும் வளர்வது இதே அடுக்குத் தேனீ. கடல் கடந்தும் தொழிலும் மரமும் ஈயும் ஒன்றாகவே இருக்கின்றன.

நாங்கள் செய்த பிழை

பால்மரங்கள் தளிர்த்துத் தேன்வரத்து மிகுந்திருந்த ஒரு மாதம். எங்களிடம் இருந்த மூன்று பெட்டிகளுள் ஒன்றில் ஈக்கள் நெருங்கி நிறைந்திருந்தன. சட்டத்தைத் தூக்கிப் பார்த்தபோது, அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை போன்ற அறைகள் ஐந்தாறு தொங்கக் கண்டோம். அவை இளம் இராணிகள் வளரும் அறைகள் என்பதனை அறிந்திருந்தோம். ஒரு நாட்டிற்கு ஓர் அரசியே இருக்க வேண்டும். இருப்பவளின் ஆட்சிக்குப் போட்டி எழாமற் காக்க வேண்டும். போட்டியாளரை நீக்கிவிட்டால் கூட்டம் பிரியாது. இவ்வாறு எண்ணி அவ்வறைகள் அனைத்தையும் கத்தியால் அறுத்தெறிந்தோம். நல்லதொரு பணியைச் செய்து முடித்த நிறைவோடு வீடு திரும்பினோம்.

இரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது ஓசையே மாறியிருந்தது. வழக்கமான சீரான ரீங்காரம் இல்லை. முனகல் போன்ற ஓர் இரைச்சல் எழுந்தது. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டைகள் கோணல்மாணலாகக் கிடந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புடைத்த மூடிகள் தெரிந்தன. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பால்வெட்டுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். இளமையில் தென்னந்துண்டைக் குடைந்து அதில் தேனீயைக் குடியேற்றிய அனுபவம் உடையவர் அவர். சட்டத்தைச் சூரிய ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இன்றும் எங்கள் காதில் ஒலிக்கிறது.

“தாய் முன்னாலேயே வெளியே போயிருச்சு, வாத்தியாரே. வீட்ட பிள்ளைக்கு விட்டுட்டுத்தான் போச்சு. அந்தப் பிள்ளைங்களையும் நீங்க வெட்டிட்டீங்க. இனி இந்தக் குடியில யாரு இருக்கா?”

நடந்தது இதுதான். தேனீக் கூட்டம் பிரியும்போது வெளியேறுவது மகள் அன்று, தாய். இளம் இராணிகளின் அறைகள் மூடப்படும் தறுவாயில், பழைய இராணி கூட்டத்தில் ஏறத்தாழப் பாதியை அழைத்துக்கொண்டு புதிய இடம் தேடிப் பறந்துவிடும். பொரித்துக்கொண்டே இருக்கும் இளம் ஈக்களால் பெட்டி சில நாள்களில் மீண்டும் நிறைந்து தோன்றும். நாங்கள் கத்தியை எடுத்தபோது தாய் சென்று ஆறேழு நாள் ஆகியிருக்க வேண்டும். அடையில் முட்டையும் இல்லை. இராணியாக வளர்த்தெடுக்கத்தக்க இளம்புழுவும் இல்லை. எஞ்சியிருந்த ஒரே வழித்தோன்றல்களை எங்கள் கையாலேயே அழித்திருந்தோம்.

தாயில்லாத நிலை நீடித்தால் பணித்தேனீக்கள் சில தாமே முட்டையிடத் தொடங்கும். அவை ஆண்தேனீயோடு கூடாதவை. ஆதலால் அம்முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே பிறக்கும். ஐரோப்பியத் தேனீயைவிட அடுக்குத் தேனீ இந்நிலையை விரைவில் அடையும். அந்நிலைக்குச் சென்ற குடி, புதிய இராணியைக் கொடுத்தாலும் எளிதில் ஏற்காது. எங்கள் குடியும் ஏற்கவில்லை. நாள்தோறும் மெலிந்து, இறுதியில் மெழுகு அந்துப்பூச்சிக்கு இரையாயிற்று.

அரசன், அரசி, தாய்

இப்பிழைக்கு எங்கள் அறியாமையே முதற்காரணம். ஆனால் அவ்வறியாமைக்கு ஓர் உருவம் கொடுத்தது ‘இராணி’ என்னும் சொல். இராணி என்றவுடன் அரியணையும் ஆணையும் போட்டியும் வாரிசுச் சண்டையும் நம் மனத்தில் தாமே எழுகின்றன. பெட்டிக்குள் நிகழ்வதை நாங்கள் பார்க்கவில்லை. அச்சொல் காட்டிய நாடகத்தையே பார்த்தோம்.

உலக மொழிகள் இவ்வுயிரை எவ்வாறு அழைத்தன என்று பின்னர் தேடிப் பார்த்தோம். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அதனை அரசன் என்றே எழுதினார். ஆயினும் அவை ஈக்களை ஈனுவதாகக் கருதிச் சிலர் ‘தாய்’ என்று அழைப்பதையும் அவரே குறித்து வைத்துள்ளார். அரசன் என்னும் கருத்து பல நூற்றாண்டுகள் நிலைத்தது. 1586இல் ஸ்பானியரான லூயிஸ் மெண்டஸ் டி தோரஸ் முட்டையிடும் பெண் அதுவே என்று எழுதினார். 1609இல் ஆங்கிலேயரான சார்லஸ் பட்லர் தம் நூலின் பெயரிலேயே தேனீக்களின் ஆட்சியைப் பெண்ணாட்சி என்றார். அதே நூற்றாண்டில் டச்சு அறிஞர் ஸ்வாமர்டாம் அறுத்துப் பார்த்துச் சினைப்பைகளைக் கண்டார். அரசன் அரசியானான், ஆட்சி என்னும் எண்ணம் மட்டும் மாறவில்லை.

வேறு சில மொழிகள் அரசவைப் பக்கமே செல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் இதற்குத் ‘தேனீத்தாய்’ என்னும் பொருளுடைய சொல் இருந்தது. துருக்கிய மொழியில் இன்றும் ‘தாய் ஈ’ என்பதே வழக்கு. டச்சு மொழியிலும் ருசிய மொழியிலும் தாய்மையைக் குறிக்கும் சொற்களே வழங்குகின்றன. எங்கள் முதியவர் எந்த நூலும் படித்தவரல்லர். ஆனால் அவர் சொல்லிய ‘தாய்’ அச்சொற்களோடு ஒத்து நிற்கிறது.

தமிழில் தேன் சார்ந்த சொற்களுக்குக் குறைவில்லை. வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பூநாடும் சிற்றுயிர்களுக்குப் பல பெயர்கள் உள்ளன. இன்று நாம் சந்தையில் வாங்கும் மீனுணவை நினைவூட்டும் ‘இறால்’ என்னும் சொல் பழந்தமிழில் தேனடையையும் குறித்தது. ஆனால் கூட்டைத் திறந்து உள்ளே பார்த்து வளர்க்கும் முறை அண்மைக் காலத்தது. 1851இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத், ஈக்கள் நடமாட விடும் இடைவெளியின் அளவைக் கண்டுகொண்டு, கழற்றி மாட்டத்தக்க சட்டங்களை உடைய பெட்டியை அமைத்தார். 1910களில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் நம் சிறிய தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். இன்றும் தமிழ்நாட்டில் அப்பெட்டி அவர் பெயராலேயே வழங்குகிறது. பெட்டியோடு பாடநூலும் வந்தது. பாடநூலோடு இராணியும் வந்தாள்.

ஆட்சி யாருடையது?

இராணி எதனையும் ஆள்வதில்லை. எந்தப் புழு இராணியாக வேண்டும் என்பதனை இராணி முடிவு செய்வதில்லை. கருவுற்ற எந்த முட்டையிலிருந்தும் இராணி பிறக்கலாம். எல்லாப் புழுக்களும் முதல் மூன்று நாள் அரசக்கூழ் உண்கின்றன. அதன்பின்னும் அதனையே தொடர்ந்து உண்ணும் புழு இராணியாகிறது. மகரந்தமும் தேனும் கலந்த உணவுக்கு மாற்றப்படும் புழு பணித்தேனீயாகிறது. அறை கட்டுவதும் ஊட்டுவதும் பணித்தேனீக்கள். பிரிவதற்கு முன் தாய்க்கு உணவைக் குறைத்துப் பறக்கும் அளவுக்கு மெலியச் செய்வதும் அவையே. முட்டையிடும் வலிமை குன்றிய தாய்க்கு மாற்றாக மகளை வளர்ப்பதும் அவையே.

தாயிடமிருந்து வெளிப்படுவது ஆணை அன்று; ஒரு மணம். அருகிருக்கும் ஈக்கள் அதனை நக்கியும் தொட்டும் பெற்று மற்றவற்றுக்குக் கைமாற்றுகின்றன. ‘நான் இருக்கிறேன்’ என்பதே அம்மணத்தின் செய்தி. அது குறைந்தால் குடி தானே வழி தேடத் தொடங்கும்.

அப்படியாயின் ‘தாய்’ என்னும் சொல் முற்றிலும் பொருந்துமா? அதுவும் முழுமையாகப் பொருந்தாது. தான் பெற்றதைத் தான் வளர்க்காத தாய் அது, வளர்ப்பவை அக்காமார்கள். எங்கள் முதியவர் கூற்றில் தாயைவிட ஆழமான சொல் இறுதியில் வந்தது: ‘குடி’. தோட்டப்புறங்களில் குடி என்றால் வேறொரு துன்பம் நினைவுக்கு வரும் என்பதனை அறிவோம். ஆனால் குடும்பம், குலம், மக்கள், உறைவிடம் ஆகிய நான்கும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன. குடிபுகுதல், குடிபெயர்தல், குடித்தனம், குடியரசு எல்லாம் அதிலிருந்தே கிளைத்தவை. தமிழகத்துத் தேனீ வளர்ப்போர் கூட்டம் பிரிவதனைக் ‘குடி பிரிதல்’ என்றே கூறுகின்றனர். தனி ஈக்கு வாழ்வில்லை; தனி இராணிக்கும் வாழ்வில்லை. வாழ்வதும் பிரிவதும் மடிவதும் குடியே. வளர்ப்பவர் வளர்ப்பது இராணியை அன்று, குடியை. இதனை அச்சொல் ஒன்றே எங்களுக்கு உணர்த்தியது.

குடியைப் பேணும் முறை

இவ்வுணர்வு வந்தபின் எங்கள் கைப்பழக்கமும் மாறியது. தேனீ வளர்க்க விரும்பும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் சிலவற்றைக் கூறுகிறோம்.

முன்பெல்லாம் பெட்டியைத் திறந்தவுடன் இராணியைத் தேடுவோம். காணும்வரை ஒவ்வொரு சட்டமாகப் புரட்டுவோம். இன்று முட்டையைத் தேடுகிறோம். இட்ட முதல் நாளில் முட்டை அறையின் அடியில் நிமிர்ந்து நிற்கும்; இரண்டாம் நாள் சாயும்; மூன்றாம் நாள் படுத்துவிடும்; பின் பொரியும். நிமிர்ந்த முட்டை ஒன்றைக் கண்டால் நேற்றோ இன்றோ தாய் அங்கு இருந்தது என்பது உறுதி. அவ்வளவு போதும், பெட்டியை மூடிவிடலாம்.

இராணி அறை கண்டால் கத்தியை எடுப்பதற்கு முன் அது இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அடையின் கீழ்விளிம்பில் இருப்பின் குடி பிரிய முற்படுகிறது. அடையின் நடுப்பரப்பில் இருப்பின் தாயை இழந்த குடி அவசரமாக மாற்றுத்தாயை உருவாக்குகிறது. பிரிய முற்படும் குடியைத் தடுப்பதைவிட நாமே பிரித்துக் கொடுப்பது நன்று. தாயிருக்கும் சட்டத்தோடு இன்னும் இரண்டு சட்டங்களை வேறொரு பெட்டிக்கு மாற்றி, பழைய பெட்டியில் நல்ல அறைகள் ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம். தாய் புதுமனை புகுந்ததாகவும் மகள் தாய்வீட்டைப் பெற்றதாகவும் இரு குடிகளும் அமைதியடையும்.

இங்கே கெலுலுட்டின் வழக்கம் நேர்மாறானது. அங்கே தாய் பழைய கூட்டிலேயே இருக்கும். முட்டைப்பாரத்தால் பருத்த அதனால் பறக்கவும் இயலாது. பணித்தேனீக்கள் புதிய இடத்துக்கு முன்கூட்டியே பிசினும் உணவும் கொண்டு சேர்த்து, மனை அமைத்த பின்னரே மகள் அங்குச் செல்லும். நம் வீடுகளில் தனிக்குடித்தனம் வைப்பதுபோன்ற முறை அது. இரண்டினையும் ஒரே சொல்லால் விளக்க முற்பட்டால் மாணவர் குழம்புவர். குடித்தனக் கதையாகச் சொன்னால் ஒரு முறையிலேயே புரிந்துகொள்வர்.

தாயிழந்த குடியை உரிய நேரத்தில் கண்டால் காப்பாற்றலாம். மற்றொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டம் ஒன்றைக் கொடுத்தால் போதும். குடி தனக்கான தாயைத் தானே வளர்த்துக்கொள்ளும். முட்டையிலிருந்து இராணி வெளிவர ஏறத்தாழ 16 நாள். பறந்து சென்று பல ஆண்தேனீக்களோடு கூடித் திரும்பி முட்டையிட மேலும் ஒன்றிரண்டு வாரம். ஆக ஒரு மாதம் பொறுமை வேண்டும். அப்பறத்தல் நாள்களில் பெட்டியைத் திறந்து தொல்லை தரலாகாது. நம் மாநிலத்தில் ஆண்டிறுதியில் பருவமழை நாள்கணக்கில் பெய்வதுண்டு. மழையால் பறக்க இயலாமற்போன இளம் இராணி நாளடைவில் ஆண்தேனீக்களை மட்டுமே ஈனும் மலடாகிவிடும். ஆகவே மழைமாதங்களில் குடியைப் பிரிக்கக்கூடாது.

மெலிந்த குடியை மற்றொன்றோடு இணைப்பதும் உண்டு. இரு குடிகளின் மணமும் வெவ்வேறாதலால் திடீரெனச் சேர்த்தால் போர் மூளும். நடுவே ஒரு நாளிதழ்த் தாளை விரித்து ஒரு பெட்டிமேல் மற்றொன்றை வைப்போம். ஈக்கள் தாளைக் கடித்துத் துளைப்பதற்குள் மணம் கலந்துவிடும். நாங்கள் பயன்படுத்துவது தமிழ் நாளிதழ். படித்து முடித்த பின்னும் அது பயன்படுகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது குடிபெயர்தல். உணவின்மை, எறும்பு, கடும் வெயில், அடிக்கடி திறந்து பார்க்கும் நம் ஆர்வம் ஆகியவற்றுள் ஒன்று மிகுந்தாலும் அடுக்குத் தேனீ கூட்டையே கைவிட்டுச் சென்றுவிடும். வாயிலில் தடுப்பு வைத்து இராணியைச் சிறைப்படுத்துவோரும் உளர். பசித்த குடிக்கு அது மருந்தாகாது. பஞ்ச காலத்தில் சர்க்கரைப்பாகு கொடுப்பதும், நிழலில் வைப்பதும், எறும்பு ஏறாமற் காப்பதுமே வழி. பெட்டியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் வைக்கச் சொல்லும் நூல்கள் உண்டு. ஏடிஸ் கொசு பெருகும் நம் ஊரில் நீருக்கு மாற்றாகப் பழைய எண்ணெயை ஊற்றுகிறோம். தேன் எடுக்கும்போதும் குடிக்குரிய பங்கை விட்டே எடுக்கிறோம்.

நிறைவாக

‘இராணித் தேனீ’ என்னும் வழக்கை ஒழிக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அது பாடநூலில் வேரூன்றிய சொல். தேர்வுத்தாளில் அதனையே எழுத வேண்டும். அச்சொல்லைக் கற்பிக்கும் நாளிலேயே அது ஆளாத இராணி என்பதனையும் கற்பிக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். மற்றொன்றும் உண்டு. நம் தோட்டங்களிலும் கம்பங்களிலும் வாழும் முதியோர் நாவில் தொழிற்சொற்கள் இன்னும் எஞ்சியுள்ளன. எங்களுக்குத் ‘தாய்’, ‘குடி’ என்னும் சொற்களைத் தந்த பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் அறிந்திருந்த வேறு சொற்களைக் கேட்டு எழுதிவைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. அவ்விழப்பு அந்தத் தேனீக் குடியின் இழப்பினும் பெரிது.

மாணவர்களே, விடுமுறையில் உங்கள் பாட்டனார் பாட்டியார் அருகே அமருங்கள். மரத்துக்கும் மழைக்கும் பூச்சிக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஏன் அப்பெயர் என்றும் கேளுங்கள். அடுத்த முறை நாங்கள் சட்டத்தைத் தூக்கி ஒளிக்கு நேரே பிடிக்கும்போது உங்களில் சிலர் அருகே நின்று நிமிர்ந்த முட்டையைக் காட்ட வேண்டும். பெட்டிகள் அங்கேதான் உள்ளன. பால்மரங்கள் அடுத்த ஆண்டும் தளிர்க்கும்.